செருப்பு வைத்த தட்டு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாஷப்பலில் பேதுருவின் சலூனுக்கு முடி வெட்டப் போயிருந்தேன். வெட்டுவதற்கு என் தலையில் அதிகம் இல்லை, பேதுருவின் வாயில்தான் நிறைய இருந்தது. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மார்செல் அண்ணை, விசயம் தெரியுமோ? எயாப்போட்டிலை செக்கிங்கிலை நிக்கிற எங்கடை பொம்பிளை ஒண்டு, கலியாணத்துக்குக் கொண்டுபோன தாலிக்கொடியை அமத்திப்போட்டாளாம்."

"யாருப்பா அது?"

"பேர் தெரியாது. மன்னார்ப் பக்கமாம்."

பேர் தெரியாது, ஊர் தெரியும். எங்கள் தெருவில் செய்திகள் இப்படித்தான் நடக்கும், கால் இருக்கும், தலை இருக்காது. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுத் தபால் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். தமிழில் கதை எழுதுவது என் வியாதி. எழுதப்போகிறேன் என்று பேதுருவிடம் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்:

"அவளுக்குக் கை நீளம். அதைவிட நீளம் அவளுடைய—"

[இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். முடிக்க விடவில்லை. ஏன் என்று அடுத்ததில் வருகிறது.]

2.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள், பார்வை நேராக இருந்தது.

"நீங்கள்தானே கதை எழுதிற அண்ணை? என்னைப் பற்றி எழுதுறீங்களாம். பேதுரு சொன்னவர், அது நான் எண்டு தெரியாமலே."

பேதுருவின் வாய் இரண்டு பக்கமும் வெட்டும். "நீங்களா அந்த..." என்று இழுத்தேன்.

"ஓம். அந்தக் கள்ளி நான்தான்." சிரிக்காமல் சொன்னாள். "எழுதுங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா எழுதினதை எனக்குக் காட்டவேணும். பொய் இருந்தா நான் பிடிப்பன். அதுதான் என்ரை வேலை."

"பேரை மாத்திடறேன்மா. கவலைப்படாதீங்க."

"மத்த ஆக்களின்ரை பேரை மாத்துங்கோ. என்ரையை மாத்தாதேங்கோ. மாத்தினா நான் ஒளிச்ச மாதிரி இருக்கும்."

அதனால் அவள் பெயர் அருள்மலர், கதையிலும் அப்படித்தான். தன்னைத் திருடி என்று ஊர் பேசும்போது சொந்தப் பெயரோடு கதைக்குள் வருகிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள். அந்தத் துணிச்சலைப் பார்த்தபோதே என் முதல் வரி செத்துவிட்டது.

3.

(இரண்டாவது தொடக்கம். இது நிற்கும் என்று நம்புகிறேன்.)

அருள்மலர் லாஷப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் வாடகை வீட்டில் இருக்கிறாள். விடிவதற்கு முன்பே நீல யூனிபோர்மை மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடுவாள். பயணிகளின் கைப்பைகளைச் சோதிக்கும் வரிசையில் வேலை. அதில் அவளுக்குப் பிடித்த இடம் திரைக்கு முன்னால் இருக்கும் நாற்காலி. பட்டியில் ஓடும் பைகளின் வயிறு அங்கே செம்மஞ்சளும் பச்சையும் நீலமுமாகத் தெரியும். உணவும் துணியும் ஒரு நிறம், இரும்பு ஒரு நிறம். ஒரு பார்வையில் அவள் சொல்லிவிடுவாள்: இது கறித்தூள், இது சீஸ், இது யாரோ மறந்துபோன நகவெட்டி.

இந்த வேலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இடைக்கிடை இயந்திரமே ஒரு பொய்ப் படத்தைத் திரையில் நுழைக்கும். ஏதோ ஒரு அப்பாவியின் உடுப்புகளுக்கு நடுவே அங்கே இல்லாத ஒரு கைத்துப்பாக்கி தெரியும். அதைக் கண்டு பொத்தானை அமத்தினால், "இது பரீட்சை, தேறிவிட்டாய்" என்று திரை சொல்லும். காணாமல் விட்டால் அந்தத் தவறு மேலிடத்துக்குப் போகும். அருள்மலர் இதுவரை ஒன்றையும் விட்டதில்லை. இதைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிரும்.

[நானும் அந்த இயந்திரத்தின் சாதிதான். உண்மையான பெட்டிக்குள் இல்லாத சாமானை வைக்கிறவன். ஆனால் என் வாசகர்கள் பொத்தானை அமத்துவதில்லை, பாவம்.]

பயணிகள் விட்டுப்போகும் சாமான்களைப் பற்றி அவளிடம் கேட்டால் நேரம் போவது தெரியாது. இடுப்புப் பட்டிகள், ஒற்றைத் தோடுகள், ஒருமுறை ஒரு செட் பொய்ப்பல். ஊன்றுகோலோடு வந்த ஒரு தாத்தா அதைத் தட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறார். "எப்பிடி நடந்தவர் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை" என்றாள். லூர்து மாதா உருவத்தில் செய்த போத்தலில் தீர்த்தம் கொண்டுவரும் நம் ஆட்களும் உண்டு. மாதாவாக இருந்தாலும் அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகாது. அருள்மலர் அதைக் குப்பைத் தொட்டியில் ஊற்ற மாட்டாள். "குடியுங்கோ, பின்னாலை நிக்கிறவைக்கும் குடுங்கோ" என்பாள். வரிசையே தீர்த்தம் குடித்துவிட்டுப் போகும்.

4.

இனித்தான் கதை.

திரை முன்னால் ஒருவரைத் தொடர்ந்து இருக்க விடமாட்டார்கள், கண் களைத்துவிடும் என்று இடம் மாற்றுவார்கள். அன்று அருள்மலருக்குத் தட்டுகள் நிரப்பும் இடம் விழுந்திருந்தது. பயணிகளிடம் "இடுப்புப்பட்டி கழற்றுங்கள், சப்பாத்து கழற்றுங்கள்" என்று சொல்லும் இடம். அப்போது வந்தார்கள் சாரதாதேவியும் அவருடைய கணவர் பாலச்சந்திரனும். லாஷப்பலில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். மகனின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறார்கள்.

பாலச்சந்திரன் முதலில் போய்விட்டார். அவர் எங்கே போனாலும் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடப்பவர். திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது, அவள் வருவாள் என்பது அவர் நம்பிக்கை. பாரிசில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பத்தடி குறையவில்லை.

சாரதாதேவி தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் நின்ற ஆள் சேறு படிந்த பெரிய சப்பாத்துகளை அதேபோன்ற தட்டில் வைத்ததை அவர் பார்த்திருந்தார். கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பிள்ளை, தமிழோ?"

"ஓம் அக்கா."

"இது மருமேளுக்குக் கட்டப்போற தாலியும் கொடியும். கோயில்லை வைச்சுக் கும்பிட்டுக் கொண்டுவாறன். செருப்பு வைச்ச தட்டிலை இதை வைக்கேலாது பிள்ளை. கையிலை கொண்டு போறன்."

"கையிலை விடமாட்டினம், அக்கா. நில்லுங்கோ."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அருள்மலர் அடுக்கின் அடியிலிருந்து ஒரு தட்டை உருவினாள். மருந்துத் திரவம் விட்டுத் துடைத்தாள். தன் பையிலிருந்து தேய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதில் விரித்தாள்.

"வையுங்கோ. நான் தொடமாட்டன். நீங்களே உங்கடை கையாலை வையுங்கோ."

அவள் கத்தோலிக்கப் பெண். மாதா கோவிலில் தாலி ஏறியவள். ஆனாலும் கட்டுவதற்கு முந்திய தாலியை வேறு ஆள் தொட்டால் அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். சாரதாதேவியின் கண் கலங்கிவிட்டது. "நல்லாயிருப்பாய் பிள்ளை" என்று சொல்லி முடிச்சைக் கைக்குட்டை மேல் வைத்தார். தட்டு உள்ளே போனது.

[இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரு பக்கக் கதை, வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன்.]

5.

சாரதாதேவி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வாசல்சட்டத்தைத் தாண்டினார். கை நிறைய வளையல், சட்டம் கத்தியது. அங்கே வேலை செய்யும் ஒருத்தி அவரை ஓரமாக நிறுத்திக் கையால் தடவிச் சோதித்தாள். அது முடிந்து அவர் பட்டியின் மறுமுனைக்கு வந்தபோது தட்டில் வெள்ளைக் கைக்குட்டை மட்டும் இருந்தது.

கைக்குட்டையைத் தூக்கி உதறிப் பார்த்தார். பிறகு அவர் கையை நீட்டி, அருள்மலரைக் காட்டி, "திருடி" என்றார். பிரெஞ்சில் சொன்னார். தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குள் போயிருக்கும். வரிசை முழுவதும் திரும்பியது.

"இவள்தான். தட்டை இவள்தான் கொண்டுவந்தவள். இந்த லேஞ்சித் துணியும் இவளின்ரை. தமிழிலை கதைச்சு ஏமாத்திப்போட்டாள்."

யோசித்துப் பாருங்கள். அவள் காட்டிய அக்கறை ஒவ்வொன்றும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மற்ற எல்லாருக்கும் எடுக்காத புதுத் தட்டை இவருக்கு மட்டும் ஏன் எடுத்தாள்? சொந்தக் கைக்குட்டையை ஏன் விரித்தாள்? அவளுடைய ஷெஃப், அதாவது மேலதிகாரி, நல்ல மனுஷிதான், முகம் வெளிறிப்போய் வந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். களவு என்று எழுதப்பட்டால் அவளுடைய அனுமதி அட்டை போய்விடும், அதோடு வேலையும் போகும். பெயரோ அந்த நிமிஷமே போய்விட்டது. வரிசையில் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் நின்றன, அவர்களுடைய கைபேசிகள் ஏற்கெனவே லாஷப்பலோடு பேச ஆரம்பித்திருந்தன.

"உன் கணவர் எங்கே?" என்று போலீஸ் சாரதாதேவியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அருள்மலருக்கோ பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. முன்னே போய், பட்டியின் மறுமுனையில் தன் சாமான்களுக்காக நின்ற மனிதர், தட்டு வெளியே வந்ததும் முடிச்சை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்திருப்பார். வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது. வாயைத் திறந்தால் போதும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அழுதாள். கண்ணீர் அவளுடைய நீலக் கழுத்துப்பட்டியில்...

6.

"அழேல்லை."

லாஷப்பல் தேத்தண்ணிக் கடையில் என் தாள்களை வைத்துக்கொண்டு அருள்மலர் ஒரு வரியில் விரலை ஊன்றினாள்.

"இஞ்சை நான் அழேல்லை, அண்ணை. இது நீங்கள் உள்ளுக்கை வைச்சது."

"ஒரு சொட்டும் வரலையாம்மா? படிக்கிறவங்களுக்கு ஒரு இது..."

"படிக்கிறவைக்கு வேணுமெண்டா அவை அழட்டும்."

பிடித்துவிட்டாள். பொத்தானை அமத்திவிட்டாள். கண்ணீரை எடுத்துவிட்டேன், மேலே தழும்பு மட்டும் கிடக்கிறது. ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, அதைக் கேட்காமல் விட முடியவில்லை. புருஷன்தான் எடுத்திருப்பார் என்று தெரிந்த ஒருத்தி, வேலை போகிற நேரத்தில் ஏன் சும்மா நின்றாள்? இப்படி ஒரு பாத்திரத்தை நானாகப் படைத்திருந்தால் நம்பமுடியவில்லை என்று நானே அடித்திருப்பேன்.

"உடனே சொல்லியிருந்தா தப்பிறதுக்காகச் சொன்ன மாதிரி இருக்கும்" என்றாள். "அவரிட்டை அது ஆம்பிட்டிருந்தாலும், 'இவளைச் சோதிக்கேல்லையே, வேறை என்னத்தை எடுத்தாளோ' எண்டு ஒரு கதை மிஞ்சும். எனக்கு மிச்சம் இருக்கக்கூடாது, அண்ணை. முதல் என்னைப் பாக்கட்டும். பிறகு மற்றது."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இந்தப் பெண்ணை நான் படைக்கவில்லை என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

7.

(ஐந்தின் கடைசிப் பத்திக்குப் பதிலாக இது.)

அருள்மலர் ஒரு தட்டை எடுத்தாள். அடுக்கின் அடியிலிருந்து எடுக்கவில்லை. சேறு படிந்த சப்பாத்துகள் போய்வந்த அந்தத் தட்டையே, இன்னும் மண் ஒட்டியிருக்க, எல்லாரும் பார்க்க எடுத்து வைத்தாள். தன் மேற்சட்டையைக் கழற்றி அதில் போட்டாள். இடுப்புப்பட்டி, சப்பாத்து, வீட்டுச் சாவி, ரயில் அட்டை, செபமாலை. கடைசியாகக் கழுத்திலிருந்த அனுமதி அட்டை.

ஷெஃப் பதறிப்போய், "உனக்கு வேறு தட்டுத் தருகிறேன்" என்றாள்.

"எனக்கு இது போதும்" என்றாள் அருள்மலர் பிரெஞ்சில். பிறகு சாரதாதேவியின் பக்கம் திரும்பினாள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவள், இப்போது கூப்பிட்ட விதம் வேறாக இருந்தது.

"வடிவாப் பாருங்கோ, மடாம்."

காலுறையோடு வாசல்சட்டத்துக்குள் நடந்தாள். சட்டம் சத்தம் போடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து நின்றாள், உடன்வேலை செய்யும் பெண் பட்டும் படாமலும் தடவிச் சோதித்தாள். "ஒழுங்காச் செய், எனக்காகக் குறைக்காதை" என்று அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். தட்டு திரையைக் கடந்தது. ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டியைக் கிளறச் சொன்னாள், கிளறினார்கள். பட்டியின் அடியைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டபிறகுதான் போலீஸ்காரரிடம் சொன்னாள்: "இப்போது இந்த அம்மாவின் கணவரைத் தேடுங்கள். முன்னால் போயிருப்பார். எங்கள் ஆண்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்."

பாலச்சந்திரன் விமானம் ஏறும் வாசலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். கைபேசியை நல்ல பிள்ளையாக முன்கூட்டியே அணைத்துவிட்டார். பக்கத்து இருக்கையில் மனைவிக்காகத் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். கூட்டிவந்தபோது சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்துக் காட்டினார்.

"தட்டிலை சும்மா கிடந்தது. ஆரும் எடுத்தாலும் எண்டு நான் எடுத்தனான். இவ பின்னாலை வாறா எண்டுதானே நினைச்சன்."

சாரதாதேவி முடிச்சைப் பறித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டார், ஷெஃபிடம் கேட்டார், பிறகு ஓடினார். அருள்மலர் நின்ற பக்கம் அவர் பார்க்கவில்லை. இம்முறை கணவர்தான் அவருக்குப் பின்னால் ஓடினார்.

லாஷப்பலுக்கு முதல் பாதிதான் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பாதிக்கு அங்கே ஆள் இல்லை. பேதுருவின் சலூனில் நான் கேட்டதும் அதைத்தான்.

8.

ஊரில் கலியாணம் முடிந்து, மணமக்களோடு திரும்பிவந்து, பாரிசில் வரவேற்பு வைத்தார்கள். அதற்கான அழைப்புக் கார்டை எடுத்துக்கொண்டு சாரதாதேவி மார்க்ஸ் டோர்மோய்க்குப் போனார். தபாலில் அனுப்பாமல் நேரே வந்து, குங்குமச் சிமிழும் கற்கண்டும் வைத்துக் கார்டு கொடுப்பதென்றால் நம்மவர்களிடையே அதற்கு ஒரு எடை உண்டு. அது பாதி மன்னிப்புக்குச் சமம்.

"தங்கச்சி, கட்டாயம் வரவேணும்."

"உள்ளுக்கை வாங்கோ, மடாம். இருங்கோ."

கோப்பி கொடுத்தாள். பிஸ்கட்டும் வைத்தாள். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"அண்டைக்கு அந்தப் பதட்டத்திலை ஏதோ வாய் தடுமாறிப்போச்சு, தங்கச்சி."

"தடுமாறேல்லை, மடாம். எல்லாருக்கும் விளங்கக்கூடியதாச் சொன்னனீங்கள்."

"அதுக்குத்தானே வந்தனான். மன்னிச்சுக்கொள்."

அருள்மலர் அறையைச் சுற்றிக் கையைக் காட்டினாள்.

"இஞ்சை என்னைத் தவிர ஆர் இருக்கினம்?" என்றாள். "நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். அதை எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், மடாம்? கூட்டத்துக்கை சொன்னதைக் கூட்டத்துக்கைதான் திருப்பி எடுக்கவேணும்."

சாரதாதேவியின் கோப்பி குடிபடாமல் இருந்தது. மகனின் வரவேற்பில், சம்பந்தி வீட்டார் முன்னால், கடை வாடிக்கையாளர்கள் முன்னால் தன் வாயால் தன்னை இறக்குவதா? அவர் எழுந்தார். அருள்மலரும் எழுந்து வாசல்வரை வந்தாள்.

"காட்டை வைச்சிட்டுப் போங்கோ. வருவன்."

9.

வரவேற்பு நாள் வருவதற்கு முன்பே, முடிவுக்கு நான் மூன்று வரைவு எழுதினேன்.

ஒன்று: பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிறாள். சாரதாதேவி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். அருள்மலர் வாசித்துவிட்டு, "இதை வீடியோ எடுக்கிறவைக்குக் குடுங்கோ" என்றாள்.

இரண்டு: போகவே இல்லை. "நான் பயந்து ஒளிச்ச மாதிரி இருக்கும். நான் ஏன் பயப்பிடவேணும்?"

மூன்று, எனக்கு மிகவும் பிடித்தது: மேடையேறி மைக்கைப் பிடுங்கி, நடந்த முழுவதையும் அவளே சொல்கிறாள். நாலு பக்கம், அனல் பறக்கும் வசனம். அவள் தாள்களை அடுக்கி என்னிடம் திருப்பித் தந்தாள்.

"அண்டைக்கு அந்தப் பொம்பிளைப்பிள்ளையின்ரை நாள், அண்ணை. கழுத்திலை தாலியோடை இருக்கிற பிள்ளைக்கு முன்னாலை அந்தத் தாலிக் கதையை நான் எடுக்கிறதோ? அதுவும் என்ரை பேரை நானே கழுவிக்கொள்ளுறதெண்டா, என்னைப் பிழை சொன்னவவுக்கு என்ன வேலை?"

[நாலு பக்கமும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன். நல்ல வசனம்.]

10.

ஆகவே நடந்தது இதுதான். பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில், மொத்தச் சரக்குக் கிடங்குகளைத் தாண்டி ஒரு மண்டபம். உள்ளே பட்டும் பொன்னும் பாட்டும். அருள்மலர் வேலை முடிந்து நேரே வந்தாள், நீல யூனிபோர்மோடு. நான் ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "சீலையோடை போனா நான் விருந்தாளி. இதோடை போனா, அவ கை நீட்டின ஆள்."

கடைசி வரிசைக் கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரோ இடம் காட்டி, "இருங்கோவன்" என்றார்கள். "இருக்க வரேல்லை" என்றாள். ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு வரிசை பார்த்தது. சிலர் காதோடு காது பேசினார்கள். அவள் யாருடைய கண்ணையும் தவிர்க்கவில்லை. எனக்கு இந்தப் பெண்ணை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எழுத்தாளன் இப்படியெல்லாம் வெளிப்படையாகச் சொல்லக்கூடாதாம். சொல்கிறேன்.

மேடையில் நின்ற சாரதாதேவி அவளைக் கண்டார். மகனின் தோளிலிருந்த கையை எடுத்தார். அறிவிப்பாளரிடம் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். பாட்டை நிறுத்தச் சொன்னார். "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். மைக்கை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். பிறகு சொன்னார்.

என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், அருள்மலர் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதை மட்டும் எழுதாதேங்கோ, அண்ணை" என்றாள்.

"ஏன்மா? கதையே அதுதானே."

"நீங்கள் எழுதினா வடிவா வரும். அது வடிவா வரக்கூடாது. கஷ்டப்பட்டு வரவேணும்."

அதனால் எழுதவில்லை. அந்த வேலையை உங்களிடம் விடுகிறேன். மைக் உங்கள் கையில் இருக்கிறது. சம்பந்தி முன்வரிசையில் இருக்கிறார், உங்கள் மருமகள் பக்கத்தில் நிற்கிறாள், முந்நூறு பேர் சாப்பாட்டை விட்டு உங்களைப் பார்க்கிறார்கள். பின்னால் நீலச் சட்டையில் ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாள். அவளை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மிச்சத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள், கடைசி வரிசைவரை கேட்கவேண்டும்.